முதல் விண்மீன்கள் கலைத்த மூட்டம்: வாசகர் கேள்வி – பதில்

பிரபஞ்சத்தின் மறு அயனியாக்கத்தை விண்வெளித் தொலைநோக்கிகள் எடுக்கும் நிறமாலைகளிலிருந்து எப்படி அறிகிறார்கள் என்று பல வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒரே பொருளுள்ள கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம். அலைநீளங்களை நானோமீட்டரிலும் மைக்ரானிலும் சொல்லியிருக்கிறோம். 1,000 நானோமீட்டர் ஒரு மைக்ரான்.

கேள்வி: ‘அயனியாக்கம்’ என்று சொன்னால் போதாதா? ‘மறு’ எதற்கு?

ஏற்கெனவே ஒருமுறை நடந்த காரணத்தால்தான். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பிரபஞ்சம் முழுவதும் சூடான பிளாஸ்மா. எலெக்ட்ரானும் புரோட்டானும் தனித்தனியே திரிந்தன. வெப்பம் ஏறக்குறைய 3,000 கெல்வினுக்கு இறங்கியதும் அவை சேர்ந்து நடுநிலை ஹைட்ரஜன் அணுக்களாயின. அதன்பிறகு நீண்ட இருட்டு. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது அவற்றின் புறஊதா ஒளி அந்த அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களை மறுபடியும் உதிர்த்தது. இதற்கு ஒரு ஃபோட்டானுக்குக் குறைந்தது 13.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அலைநீளமாகச் சொன்னால் 91.2 நானோமீட்டருக்குக் கீழே. பிரபஞ்சத்துக்கு வயது ஏறக்குறைய 110 கோடி ஆண்டு ஆனபோது, அதாவது செம்பெயர்ச்சி 5.3-ஐ ஒட்டி, இந்த வேலை முடிந்துவிட்டது. (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் எண்தான் செம்பெயர்ச்சி. அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு நீண்டது என்று கிடைக்கும். எண் பெரிதாக ஆக அதிகத் தொலைவு, அதிகப் பழமை.) எப்போது தொடங்கியது, யார் செய்தது, எந்த வேகத்தில் பரவியது என்பவைதாம் இன்றைய ஆய்வு.

கேள்வி: முதலில் பிளாஸ்மாவாக இருந்தபோது பிரபஞ்சம் ஒளி புகாத மூட்டமாக இருந்தது என்கிறீர்கள். மறுபடி பிளாஸ்மாவானபோது மட்டும் எப்படித் தெளிந்தது? முரணாக இருக்கிறதே.

மிக நல்ல கேள்வி. இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் மேலே போனால் எல்லாமே குழம்பும். இங்கே இரண்டு வெவ்வேறு மூட்டங்கள் இருக்கின்றன.

முதல் மூட்டம் தனி எலெக்ட்ரான்களால் வந்தது. அவை எந்த நிற ஒளியையும் சிதறடிக்கும். ஆனால் சிதறல் எவ்வளவு என்பது எலெக்ட்ரான்கள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. செம்பெயர்ச்சி 1,100-லிருந்து 7-க்கு வருவதற்குள் பிரபஞ்சம் எல்லாத் திசைகளிலும் 137 மடங்கு விரிந்துவிட்டது. அடர்த்தி ஏறத்தாழ 26 லட்சத்தில் ஒரு பங்காகிவிட்டது. எலெக்ட்ரான்கள் மறுபடி விடுபட்டாலும் அவற்றுக்கிடையே ஒளி தாராளமாகப் போகலாம். பிளாங்க் செயற்கைக்கோள் 2018-இல் வெளியிட்ட அளவு இதை எண்ணாகவே தருகிறது: மறு அயனியாக்கத்துக்குப் பின் விடுபட்ட எலெக்ட்ரான்களின் மொத்த ஒளியியல் தடிமன் (வழியில் ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்ற அளவு) 0.054, பிழை வரம்பு 0.007. முதல் மூட்டம் விலகியபோது கிளம்பிய அண்டப் பின்னணி ஒளியில் நூற்றுக்கு ஐந்து ஃபோட்டான்தான் வழியில் சிதறியிருக்கிறது. அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டால் மறு அயனியாக்கத்தின் நடுக்கட்டம் செம்பெயர்ச்சி 7.7-ஐ ஒட்டி, பிரபஞ்சத்தின் வயது 68 கோடி ஆண்டு இருக்கும்போது வருகிறது.

இரண்டாவது மூட்டம் நடுநிலை ஹைட்ரஜனால் வந்தது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. புறஊதாவில் சில அலைநீளங்களை மட்டும் ஈவிரக்கமில்லாமல் விழுங்கும். மறு அயனியாக்கம் கலைத்தது இந்த மூட்டத்தைத்தான்.

கேள்வி: நடுநிலை ஹைட்ரஜன் இருந்ததா இல்லையா என்று ஒரு நிறமாலை எப்படிச் சொல்லும்?

ஹைட்ரஜன் அணு மிக விரும்பி விழுங்குவது லைமன் ஆல்ஃபா என்ற அலைநீளத்தை: 121.567 நானோமீட்டர். தொலைவில் உள்ள ஒரு குவேசாரிலிருந்து, அதாவது கருந்துளையில் வாயு விழுவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் ஒரு கேலக்ஸி மையத்திலிருந்து, ஒளி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 121.567-க்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளி, பிரபஞ்சம் விரிய விரிய நீண்டுகொண்டே வரும். வழியில் ஏதோ ஓர் இடத்தில் அது சரியாக 121.567 ஆகும். அந்த இடத்தில் நடுநிலை ஹைட்ரஜன் இருந்தால் அங்கேயே தீர்ந்தது. ஆகவே நிறமாலையின் நீலப்பக்கம் ஒவ்வொரு புள்ளியும் வழியில் உள்ள ஓர் இடத்தின் வரைபடம். இதை ஜிம் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் 1965-இல் கணக்கிட்டார்கள். நீலப்பக்கம் முழுவதும் துடைத்ததுபோல் இருண்டு கிடக்கும் பகுதிக்கு அவர்கள் பெயரையே வைத்து கன்–பீட்டர்சன் பள்ளம் என்கிறார்கள். ஸ்லோன் வான் ஆய்வு கண்டெடுத்த, செம்பெயர்ச்சி 6.28-இல் உள்ள ஒரு குவேசாரில் 2001-இல் அந்தப் பள்ளம் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறுகிறார்கள். பள்ளம் தெரிந்தால் ஹைட்ரஜன் முழுக்க நடுநிலை என்று அர்த்தமில்லை. செம்பெயர்ச்சி 6-இல் ஹைட்ரஜன் எல்லாமே நடுநிலையாக இருந்தால் ஒளியியல் தடிமன் ஏறத்தாழ 4,90,000 வரும். பத்தாயிரத்தில் ஓர் அணு மட்டும் நடுநிலை என்றாலும் 49. லட்சத்தில் ஒன்று என்றாலும் 5. அப்போதே நூற்றில் ஒரு பங்கு ஒளிகூடத் தப்பாது. 99.99 விழுக்காடு அயனியான வாயுவும் முழு நடுநிலை வாயுவும் இந்தச் சோதனையில் ஒன்றுபோலவே கறுப்பு. பள்ளம் இல்லை என்றால் வேலை முடிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். பள்ளம் இருக்கிறது என்றால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அதனால்தான் பார்வை பள்ளத்தின் வலது கரைக்கு, சிவப்புப் பக்கத்துக்குத் திரும்பியது. அணுவின் உறிஞ்சும் கோடு கத்திமுனை அல்ல. இருபுறமும் மெல்லிய சிறகுகள் நீளும். ஓர் அணுவுக்கு அந்தச் சிறகில் பலம் மிகக் குறைவு. ஆனால் கோடிக்கணக்கான ஒளியாண்டு நடுநிலை வாயு குவிந்திருந்தால் அந்தச் சிறகே 121.567-க்கு அப்பாலும் ஒளியைச் சாய்வாகக் குறைக்கும். இதைத் தணிப்புச் சிறகு என்போம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு நடுநிலையால் இது வராது. பாதியளவோ அதற்கு மேலோ நடுநிலையாக இருந்தால்தான் நன்றாகத் தெரியும். பள்ளம் சொல்லாததை இந்தச் சரிவு சொல்கிறது. செம்பெயர்ச்சி 7-க்கு மேலுள்ள சில குவேசார்களில் இது பதிவாகியிருக்கிறது. செம்பெயர்ச்சி 7.085-இல் 2011-இலும், 7.54-இல் 2017-இலும் அறிவிக்கப்பட்ட இரண்டும் இதில் பெயர்பெற்றவை.

கேள்வி: பூமியிலேயே பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றனவே. விண்வெளிக்குப் போகத்தான் வேண்டுமா?

குவேசார் போன்ற பிரகாசமான பொருள்களுக்குப் பூமியிலிருந்தே அருமையான நிறமாலைகள் எடுக்கிறார்கள். மங்கலான கேலக்ஸிகளுக்கு அது நடக்காது. நமக்கு வேண்டிய ஒளி அகச்சிவப்பில் வந்து சேர்கிறது. அங்கே வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக ஒளிர்கின்றன, நீராவி சில பட்டைகளை மொத்தமாக மறைக்கிறது, 2.5 மைக்ரானுக்கு மேல் தொலைநோக்கியின் சொந்த வெப்பமே வெளிச்சமாகிவிடுகிறது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், வெயில் மறைப்புக்குப் பின்னால் உறைகுளிரில், 6.5 மீட்டர் ஆடியோடு இருக்கிறது. அதிலுள்ள நியர்ஸ்பெக் என்ற நிறமாலைமானி 0.6 முதல் 5.3 மைக்ரான் வரை இடைவெளியில்லாமல் பார்க்கிறது. செம்பெயர்ச்சி 7-இல் உள்ள ஒரு கேலக்ஸியின் லைமன் ஆல்ஃபாவும், ஹைட்ரஜனின் சிவப்புக் கோடான எச்-ஆல்ஃபாவும் ஒரே சட்டகத்தில் விழுகின்றன. பூமியிலிருந்து இது சாத்தியமே இல்லை.

கேள்வி: ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் நிறமாலையை எடுப்பதாகப் படித்தேன். ஒன்றின் மேல் ஒன்று விழாதா?

விழும். விழாமல் பார்த்துக்கொள்வதுதான் திட்டமிடுபவரின் வேலை.

நியர்ஸ்பெக்கில் நான்கு பலகைகள்; ஒவ்வொன்றிலும் 365-க்கு 171 என்ற கணக்கில் நுண்கதவுகள். மொத்தம் ஏறத்தாழ இரண்டரை லட்சம். வானத்தில் ஒரு கதவின் திறப்பு 0.20-க்கு 0.46 வில்விநாடி. ஒரு காந்தக்கை பலகை மேல் நகர்ந்து எல்லாக் கதவுகளையும் திறக்கும். வேண்டியவற்றை மட்டும் மின்னழுத்தம் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். வழக்கமாக ஒரு கேலக்ஸிக்கு மேலும் கீழுமாக மூன்று கதவுகள் திறப்பார்கள். கேலக்ஸியை மூன்று கதவுகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பின்னணி வெளிச்சம் போய்விடும்.

கோளாறுகளும் இதே அமைப்பிலிருந்துதான் வருகின்றன. சில கதவுகள் மூடியபடியே நின்றுவிட்டன. அங்கே விழும் கேலக்ஸி கிடைக்காது. சில திறந்தபடியே நின்றுவிட்டன. யாரோ கேட்காத நிறமாலை ஒன்று உங்கள் நிறமாலையின் மேல் படியும். ஒளியைப் பிரிக்க முப்பட்டகத்தை வைத்து எடுத்தால் நிறமாலை குட்டையாக இருப்பதால் பலவற்றை அடுக்கலாம். நுண்கீற்றுகளால் ஒளியை இன்னும் விரித்துப் பிரிக்கும் கீற்றணியில் அது நீளமாகி அண்டைக் கேலக்ஸியின் வரிசைக்குள் புகும். இரண்டு உணரிகளுக்கு நடுவே ஓர் இடைவெளியும் இருக்கிறது. கதவு எந்த இடத்தில் உள்ளது என்பதைப் பொறுத்து உங்களுக்கு மிக வேண்டிய கோடே அதில் விழுந்து காணாமல் போகலாம்.

மறு அயனியாக்க ஆய்வைத் தனியாகப் பாதிப்பவை இன்னும் இரண்டு. லைமன் ஆல்ஃபா ஒளி கேலக்ஸியைச் சுற்றியுள்ள வாயுவில் மோதி மோதி வெளியே வருவதால் மையத்தைவிட அகலமாகப் பரவியிருக்கும். 0.20 வில்விநாடிக் கதவு அதன் நடுப்பகுதியை மட்டும் உள்ளே விடும். ‘லைமன் ஆல்ஃபா குறைந்திருக்கிறது, ஆகவே நடுநிலை வாயு விழுங்கிவிட்டது’ என்று எழுதுமுன், விழுங்கியது வாயுவா கதவின் விளிம்பா என்று கேட்க வேண்டும். கணினி நிரல் செய்யும் விளிம்பிழப்புத் திருத்தம் ஒளிமூலத்தைப் புள்ளியாகவோ சீரான பரப்பாகவோதான் எடுத்துக்கொள்ளும். லைமன் ஆல்ஃபா இரண்டுமில்லை. அடுத்தது, பரந்த ஒளி பக்கத்துக் கதவிலும் விழுந்தால், பின்னணி என்று நினைத்து நாமே கேலக்ஸியின் ஒளியைக் கழித்துவிடுவோம்.

கேள்வி: ஒரு கேலக்ஸியின் செம்பெயர்ச்சி 16 என்று செய்தி வந்து, பிறகு 4.9 என்று மாறியது. இவ்வளவு பெரிய தவறு எப்படி?

நீங்கள் சொல்வது சீயர்ஸ்-93316. அது 16 என்று சொன்னபோது நிறமாலை எடுக்கவில்லை. வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களின் நிறத்தை வைத்துக் கணித்த மதிப்பு. செம்பெயர்ச்சி 4.9-இல் அதன் ஆக்சிஜன் கோடுகள் 2.95 மைக்ரானிலும் எச்-ஆல்ஃபா 3.87 மைக்ரானிலும் விழுந்தன. மிக வலுவான அந்தக் கோடுகள் சரியாக அந்தந்த வடிகட்டிகளை நிரப்பி, தொடர்ச்சியான நீல ஒளிபோல் காட்டிவிட்டன. 2023-இல் நியர்ஸ்பெக் பார்த்ததும் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்துவிட்டன.

நிறமாலை எடுத்த பிறகும் பிழை வருவதுண்டு. அதுதான் கூடுதல் கவனம் கேட்கும் இடம். ஜிஎன்-இசட்11 கேலக்ஸிக்கு ஹப்பிள் 2016-இல் 11.09 என்று அளந்தது. வெப் 2023-இல் கோடுகளைக் கொண்டு 10.60 என்று நிறுவியது. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 முதலில் 14.32, பிறகு ஆல்மா தொலைநோக்கி ஆக்சிஜனின் 88 மைக்ரான் கோட்டைப் பிடித்ததும் 14.18. இரண்டிலும் முதல் மதிப்பு ‘முறிவு’ எங்கே இருக்கிறது என்பதிலிருந்து வந்தது. லைமன் ஆல்ஃபா இடத்தில் ஒளி சட்டென்று நிற்கும் படிக்கட்டுதான் முறிவு. நடுநிலை ஹைட்ரஜன் அந்தப் படிக்கட்டைச் சரிவாக்கினால் முறிவு வலப்பக்கம் நகர்ந்ததுபோல் தெரியும், செம்பெயர்ச்சி கூடிவிடும். ஆக, எந்த ஹைட்ரஜனை அளக்க வந்தோமோ அதுவே அளவுகோலைத் தள்ளிவைக்கிறது. முறிவை மட்டும் வைத்துச் செம்பெயர்ச்சியையும் நடுநிலை அளவையும் சேர்த்தே கணக்கிட்டால் ஒன்றின் பிழையை மற்றது மூடிவிடும். ஒரு உமிழ்கோட்டையாவது தனியாகப் பிடித்துச் செம்பெயர்ச்சியைக் கட்டிப்போட வேண்டும்.

கேள்வி: இயற்பியல் மாணவி. வெப் நிறமாலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று அறிந்தேன். ஒன்றை எடுத்து நானே அலசிப் பார்க்க வழி சொல்லுங்கள்.

மாஸ்ட் என்ற காப்பகத்தில் எல்லாம் இருக்கிறது. சில திட்டங்களின் தரவு உடனே பொதுவாகிவிடும். மற்றவை பெரும்பாலும் 12 மாதத்துக்குள். ஏற்கெனவே சீராக்கிய நிறமாலைகளை டான் வெப் காப்பகம் தருகிறது. பழக அதுவே நல்ல இடம். பைத்தான் போதும்.

முதலில் ஒற்றை வளைகோட்டைத் திறக்காதீர்கள். இருபரிமாணப் படத்தைப் பாருங்கள். உண்மையான கோடு நடுவில் ஒரு வெளிர்புள்ளியாகவும், பின்னணிக் கழித்தலால் மேலேயும் கீழேயும் இரண்டு கரும்புள்ளிகளாகவும் தெரியும். கரும்புள்ளிகள் இல்லாத வெளிர்புள்ளி பெரும்பாலும் காஸ்மிக் கதிர் மிச்சம் அல்லது கெட்டுப்போன பிக்சல். இதற்கு எதிர்மாறான ஆபத்தும் உண்டு: சட்டகங்களை ஒன்றுசேர்க்கும் கட்டத்தில் விலகிய பிக்சல்களை நீக்கும் படி, குறுகலான உண்மைக் கோட்டையே காஸ்மிக் கதிர் என்று எண்ணி வெட்டிவிடும். கோடு சந்தேகப்படும்படி மழுங்கி இருந்தால் அந்தப் படியின் வரம்பைத் தளர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து செம்பெயர்ச்சி. பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது ஆக்சிஜன் இரட்டைக்கோடு: 496.03, 500.82 நானோமீட்டர். பலத்தில் ஒன்றுக்கு மூன்று. பக்கத்தில் ஹைட்ரஜனின் இன்னொரு கோடான எச்-பீட்டா, 486.27. செம்பெயர்ச்சி 7 என்றால் இவை 3.968, 4.007, 3.890 மைக்ரானில் இருக்க வேண்டும். மூன்றும் இடத்திலும் விகிதத்திலும் பொருந்தினால் ஐயமில்லை. நாங்கள் தந்தவை வெற்றிட அலைநீளங்கள். வெப் தரவும் வெற்றிடத்தில்தான். பாடநூல்களில் பார்க்கும் 495.9, 500.7, 486.1 எல்லாம் காற்றில் அளந்தவை. அவற்றைப் போட்டால் விநாடிக்கு 80 கிலோமீட்டர் பிழை வரும். அடுத்த படியில் அது உதைக்கும்.

இப்போது லைமன் ஆல்ஃபா. செம்பெயர்ச்சி 7-இல் அது 972.5 நானோமீட்டர். நடுத்தரப் பகுதிறன் (அருகருகே உள்ள அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) கொண்ட கீற்றணியோடு எஃப்100எல்பி வடிகட்டி போட்ட தரவு 970-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. கோடு விளிம்பில் தொங்கும். அங்கே இல்லை என்று எழுதினால் அது அளவீடு அல்ல. எஃப்070எல்பி வடிகட்டி 0.70 முதல் 1.27 மைக்ரான் வரை தரும், அதைத் தேடுங்கள். முப்பட்டகத் தரவில் மட்டும் லைமன் ஆல்ஃபாவைத் தேடாதீர்கள். 1.1 மைக்ரானை ஒட்டி முப்பட்டகத்தின் பகுதிறன் 30 அளவுதான். அதாவது விநாடிக்கு 10,000 கிலோமீட்டர் அகலம் ஒரே கட்டமாகிவிடுகிறது. ஓரளவு வலுவான கோடும் முறிவுக்குள் கரைந்துபோகும். கீற்றணியில் பகுதிறன் 1,000. 300 கிலோமீட்டர் வரை பிரித்துக் காணலாம்.

எவ்வளவு லைமன் ஆல்ஃபா தப்பியது என்ற கணக்கு எளிது. வழக்கமான அயனி வாயுவில் எச்-ஆல்ஃபா எச்-பீட்டாவைப்போல் 2.86 மடங்கு, லைமன் ஆல்ஃபா எச்-ஆல்ஃபாவைப்போல் 8.7 மடங்கு. ஆகவே எச்-பீட்டாவை 25-ஆல் பெருக்கினால் பிறந்த லைமன் ஆல்ஃபா கிடைக்கும். எச்-பீட்டா 2 அலகு என்றால் 50 வர வேண்டும்; உங்களுக்கு 5 கிடைத்தால் தப்பியது 10 விழுக்காடு. அதற்குமுன் தூசுத் திருத்தம் செய்யுங்கள். எச்-ஆல்ஃபா, எச்-பீட்டா விகிதம் 2.86-க்கு மேல் இருந்தால் தூசு உண்டு. 2.86-க்குக் கீழே தெளிவாக இறங்கினால் பெரும்பாலும் இரண்டு கோடுகளில் ஒன்றின் ஒளி அளவில்தான் பிழை. செம்பெயர்ச்சி 7-க்கு மேல் எச்-ஆல்ஃபா 5.3 மைக்ரானைத் தாண்டிவிடுவதால் எச்-பீட்டா, எச்-காமா இணையைக் கொள்ள வேண்டும்.

அந்த 10 விழுக்காடு எதனால்? இதுதான் பொறுமை வேண்டிய இடம். ஆக்சிஜன் கோட்டிலிருந்து கிடைத்த செம்பெயர்ச்சியோடு ஒப்பிட்டால் லைமன் ஆல்ஃபா விநாடிக்கு சில நூறு கிலோமீட்டர் சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கும். கேலக்ஸியின் உள்வாயுவே அப்படித் தள்ளுகிறது. தள்ளல் அதிகமானால் வெளியிலுள்ள நடுநிலை வாயு அதைப் பிடிப்பது கடினம். கேலக்ஸி ஓர் அயனிக் குமிழிக்குள், அதாவது சுற்றிலும் ஏற்கெனவே அயனியான வாயுவுக்குள், இருந்தாலும் அதே பயன் உண்டு. செம்பெயர்ச்சி 7-இல் பிரபஞ்சம் ஒரு மெகாபார்செக்குக்கு, அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, விநாடிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் விரிகிறது. குமிழியின் ஆரம் ஒரு மெகாபார்செக் என்றால், கோடு சுவரைத் தொடும்போது இன்னும் 850 கிலோமீட்டர் விலகியிருக்கும், பெரும்பகுதி தப்பிவிடும். தள்ளலை அளக்காமல் குமிழியின் அளவைச் சொல்லவே முடியாது. மேலே 80 கிலோமீட்டர் பிழையைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

ஒரு கேலக்ஸியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒன்றில் லைமன் ஆல்ஃபா இல்லாததற்குத் தூசு, கதவு, உள்வாயு, வெளிவாயு என்று நான்கு காரணம் இருக்கலாம். ஒரே வானப்பகுதியில் அருகருகே உள்ள பல கேலக்ஸிகளில் சிலவற்றில் தெரிகிறது, இன்னொரு பகுதியில் எதிலுமே தெரியவில்லை என்றால் அது வெளிவாயுவின் கைவரிசை.

கேள்வி: முறிவு சரிவாக இருந்தாலே தணிப்புச் சிறகுதான் என்று முடிவுகட்டலாமா?

கூடாது. கேலக்ஸிக்குள்ளேயே அடர்ந்த நடுநிலை வாயு இருந்தாலும் அதே சரிவு வரும். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டில் 10-இன் 22 அடுக்கு எண்ணிக்கையில் அணுக்கள் குவிந்த கேலக்ஸிகளை வெப் காட்டியிருக்கிறது. மிகச் சூடான விண்மீன்களைச் சுற்றியுள்ள வாயு இரட்டை ஃபோட்டான் ஒளியாக உமிழ்ந்தாலும் அந்த இடத்தில் ஒரு வளைவு தெரியும். உள்வாயுவால் வரும் சரிவு பொதுவாக இன்னும் அகலமாக இருக்கும். ஆனால் பகுதிறன் 30-இல் இந்த வேறுபாட்டைக் காண்பது மிகக் கடினம். மறு அயனியாக்கம் முற்றிலும் முடிந்த செம்பெயர்ச்சி 5-இல் உள்ள கேலக்ஸிகளிலும் இதே சரிவு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணி, அதை ஒப்பீட்டுக்கு வைப்பதுதான் நேர்மையான வழி.

கேள்வி: செம்பெயர்ச்சி 13-இல் லைமன் ஆல்ஃபா கண்டார்கள் என்கிறார்கள். அப்போது எல்லாமே நடுநிலை அல்லவா?

ஆம், அதனால்தான் அது இவ்வளவு வியப்பு. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்13-1 என்ற கேலக்ஸி, பிரபஞ்சத்துக்கு வயது 33 கோடி ஆண்டு, கோடு 1.70 மைக்ரானில். முடிவு 2025-இல் வெளியானது. இது வெளியே வந்திருக்க வேண்டுமானால் அந்தக் கேலக்ஸி தன்னைச் சுற்றி ஏற்கெனவே ஒரு குமிழியைக் குடைந்திருக்க வேண்டும். மிகச் சூடான பெரிய விண்மீன்களா, வளரும் கருந்துளையா என்பது திறந்த கேள்வி. ஒரு கேலக்ஸி குமிழி கட்டியதால் பிரபஞ்சமே தெளிந்துவிட்டது என்றாகாது. பிளாங்கின் 0.054 அதற்கு இடம் தராது.

கேள்வி: மறு அயனியாக்கத்தைச் செய்தது கேலக்ஸிகளா, கருந்துளைகளா?

பெரும்பங்கு கேலக்ஸிகள் என்றே சான்றுகள் சொல்கின்றன. எந்தக் கேலக்ஸிகள் என்பதில்தான் வாதம். கணக்கில் மூன்று எண்கள் உண்டு: எத்தனை கேலக்ஸிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு அயனியாக்கும் ஃபோட்டான் உண்டாக்குகிறது, அதில் எவ்வளவு வெளியே தப்புகிறது. முதல் இரண்டை வெப் அளக்கிறது. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு வில்லை பெருக்கிக் காட்டிய எட்டு மிக மங்கலான கேலக்ஸிகளின் நிறமாலை 2024-இல் வெளியானது. அவை முன்பு நினைத்ததைவிட நான்கு மடங்கு ஃபோட்டான் உண்டாக்குகின்றன.

மூன்றாவது எண்ணை நேராக அளக்கவே முடியாது. தப்பிய ஃபோட்டானை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். எச்-ஆல்ஃபா உதவுமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு எச்-ஆல்ஃபா ஃபோட்டானுக்கும் சுமார் 2.2 அயனியாக்கும் ஃபோட்டான் செலவாகியிருக்கிறது; செலவானவை உள்ளேயே மாட்டிக்கொண்டவை. தப்பியவை எச்-ஆல்ஃபாவில் தடம் பதிப்பதில்லை. அதனால் அருகிலுள்ள, செம்பெயர்ச்சி 0.2 முதல் 0.4 வரையுள்ள 66 கேலக்ஸிகளில் ஹப்பிள் தப்பும் ஒளியைத் தேடி அளந்தது. அவற்றில் கண்ட அடையாளங்களை, புறஊதாவின் நீலச்சாய்வு, இருவகை ஆக்சிஜன் கோடுகளின் விகிதம் ஆகியவற்றை, தொலைவிலுள்ளவற்றுக்குப் பொருத்துகிறார்கள். அந்த அடையாளங்கள் தனித்தனியே நம்பத்தக்கவை அல்ல. ஒரே அடையாளமுள்ள இரண்டு கேலக்ஸிகளில் ஒன்று கசியும், மற்றது கசியாது. வெப்பின் எண்களோடு தாராளமான தப்பும் விகிதத்தைச் சேர்த்தால் மறு அயனியாக்கம் பிளாங்க் சொல்வதைவிட மிக முன்பே முடிந்துவிடுகிறது. ஒருகாலத்தில் ஃபோட்டான் போதவில்லை என்று தேடினார்கள், இன்று மிஞ்சுகிறது.

கேள்வி: ஹீலியம் என்ன ஆயிற்று?

ஹீலியத்தின் முதல் எலெக்ட்ரான் 24.6 எலெக்ட்ரான் வோல்ட்டில் போய்விடும். ஹைட்ரஜனோடு சேர்ந்தே நடந்தது. இரண்டாவதுக்கு 54.4 வேண்டும். விண்மீன்களால் முடியாது, குவேசார்கள் பெருகும்வரை, செம்பெயர்ச்சி 3 வரை, காத்திருந்தது. அதன் கோடு 30.4 நானோமீட்டர், அங்கிருந்து வந்து சேரும்போதும் புறஊதாவிலேயே இருப்பதால் விண்வெளியிலிருந்துதான் காண முடியும். ஹப்பிள் இதை 1994-இல் கண்டது.

கேள்வி: நிறமாலை ஒளிமூலத்தைத்தானே காட்டுகிறது. நடுநிலை ஹைட்ரஜனையே நேரில் பார்க்க வழியில்லையா?

உண்டு. நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டரில் ரேடியோ அலை உமிழும். செம்பெயர்ச்சி 8-இலிருந்து அது 1.9 மீட்டராக, 158 மெகாஹெர்ட்சில் வந்து சேரும். செம்பெயர்ச்சி 12-க்கும் 15-க்கும் இடைப்பட்டது நம் எஃப்எம் வானொலி அலைவரிசையிலேயே விழுகிறது. மனிதர் நடமாட்டம் இல்லாத இடங்களில் ஆன்டெனா நடுவது அதனால்தான். தென்னாப்பிரிக்காவின் கரூ பாலைநிலத்தில் உள்ள ஹெரா ரேடியோ தொலைநோக்கி அப்படிப்பட்டது. நம் பால்வழியின் ரேடியோ ஒளி அந்தச் சமிக்ஞையைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையானது. அதைக் கழிப்பதுதான் முழுப் போராட்டமும். கழித்தது சரிதானா என்று சோதிக்க வெப்பின் நிறமாலைகளே உதவும். கேலக்ஸிகள் நெருக்கமாக இருக்கும் திசையில் குமிழிகள் பெரியவை, நடுநிலை வாயு குறைவு. அங்கே 21 சென்டிமீட்டர் அலையும் மங்க வேண்டும். ஒளியில் நிறைந்த இடமும் ரேடியோவில் வெறுமையான இடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால், இரண்டு அளவீடுகளும் ஒரே குமிழியைத்தான் பார்க்கின்றன.